காவேரியின் பிறந்த வீட்டுக்கு நியாயம் கேட்கப் போன ராமாத்தாக்கா

மோகனூரிலேயே பிறந்து, மோகனூரிலேயே வாழ்க்கைப்பட்டு, கூப்பிடு தூரத்தில் காவேரியை வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரில் ஒரு விரலைக்கூட நனைக்காமல் ஒருவர் வருஷக்கணக்கில் இருக்க முடியுமா? முடியாது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ராமாத்தாக்காவைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

அக்காவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கரும்புக்காடு, நாலு மாடு, வாய் திறக்காத கணவர் நாச்சிமுத்து அண்ணன். ஒரே மகன் அன்பழகன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மாரியம்மன் நோம்பிக்குத் தீர்த்தம் எடுக்க ஊர்ப் பையன்களோடு மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். மணல் அள்ளிய குழி ஒன்று தண்ணீருக்கு அடியில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. வேப்பிலை கட்டிய குடம் மேலே வந்தது, பையன் வரவில்லை. தேடி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு மனசில்லை.

அன்றிலிருந்து அக்கா ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஊரே கரையில் நிற்கும், அவர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். பரமத்தி போக வேண்டுமென்றாலும் ஆறு கண்ணில் படாத சுற்றுப்பாதையில்தான் போவார். குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர் என்று அதையும் நிறுத்திவிட்டு, திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியை வரவழைத்து மேட்டுக்காட்டில் போர் போட்டார். ரிக்காரரிடம் அவர் போட்ட நிபந்தனையை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

"ஆத்து ஊத்து கலக்காத எடமாப் பாத்துப் போடு சாமி. எத்தன ஆழம் போனாலும் செரி."

ரிக்காரர் மண்டையைச் சொறிந்துகொண்டே ஓட்டினார். தண்ணீரும் வந்தது, வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் பருப்பு வேகாது. டீ போட்டால் பால் திரிந்துபோகும். அதைத்தான் இத்தனை வருஷமும் குடித்தார்.

என் பெயர் குமாரசாமி. பல வருஷம் லாரி ஓட்டி, இடுப்பு தகராறு செய்ய ஆரம்பித்ததும் ஒரு டெம்போ டிராவலர் வாங்கி டூருக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன். கோயில் டூர் என்றால் எனக்கு ஆகாது. சீட்டெல்லாம் விபூதி, ஜன்னலெல்லாம் ஈரத்துணி, நாலு பேர் தூங்கும்போது ஐந்தாவது ஆள் பக்திப் பாட்டு போடச் சொல்வார். பக்தி எனக்கும் கொஞ்சம் உண்டு, ஆனால் அதை வண்டியில் சிந்தக் கூடாது என்பது என் கொள்கை. பொங்கல் முடிந்த கையோடு எங்கள் தெரு காளியாத்தாள் அத்தை தலைக்காவேரிக்கு ஆள் சேர்த்தார். அந்த அத்தைக்கு ஊர் சுற்றுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். முதல் ஆளாக வந்து பெயர் கொடுத்தது ராமாத்தாக்கா என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நேராக அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஏனுங்க்கா, நெசமாவா வர்றீங்க? அது காவேரி பொறக்கற எடமுங்க."

"தெரியும் சாமி. அதுக்குத்தான் வாரேன்" என்றார். "நம்மூட்டுக்கு வந்தவ ஒருத்தி தப்புப் பண்ணிப்போட்டா என்ன பண்ணுவோம்? அவ பொறந்த ஊட்டுக்குப் போயிப் பெரியவங்களைக் கூப்புட்டு நாயம் கேப்பமல்ல? உங்க புள்ள இப்படிப் பண்ணிப்போட்டா, என்ன சொல்றீங்கன்னு கேக்கோணும். கும்புட வந்தவனைத்தான எடுத்துக்கிட்டா. அவளையக் கேட்டா பதில் சொல்ல மாட்டீங்கறா. பெத்தவங்க சொல்லட்டும்."

சிரிக்கலாமென்று வாயைத் திறந்தவன் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் நியாயம் கேட்கப் போவதற்கென்று முறை இருக்கிறது. தனியாகப் போகக் கூடாது, கூட ஒரு ஆண்பிள்ளை நிற்க வேண்டும். பேச்சுத் தீருகிறவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. நியாயம் தீர்ந்து மனசு ஆறினால்தான் அவர்கள் நீட்டுகிற சொம்பைக் கையில் வாங்குவார்கள். ஆறவில்லை என்றால் தாகத்தோடு எழுந்து வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த இரண்டு வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"நீ கூட நில்லு சாமி. உனக்கு அந்தக் கன்னடப் பாஷையும் தெரியும். வாயும் கொஞ்சம் நீளம்."

நாச்சிமுத்து அண்ணன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன். "கூட்டிட்டுப் போ குமாரு. கேட்டுப்போட்டாவது வரட்டும்" என்றார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

கிளம்புகிற அன்று அக்கா இரண்டு கேன் நிறைய மேட்டுக்காட்டுத் தண்ணீரோடு வந்து நின்றார்.

"என்னுங்க்கா, என்ற வண்டி என்ன தண்ணி லாரிங்களா?"

"போற வழியெல்லாம் அவ சீமைதான? எங்க குடிச்சாலும் அவ தண்ணிதான். ஏத்து."

ஏற்றினேன்.

பவானி கூடுதுறையில் எல்லோரும் இறங்கி முழுகினார்கள். அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டு வண்டியிலேயே இருந்தார். மேட்டூரில் அணையைப் பார்க்க நிறுத்தியபோது மட்டும் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நீர் நிறைந்து, மலைக்கு மலை தொட்டுக் கிடந்தது. காற்று ஈரமாக முகத்தில் அடித்தது. "இத்தன பெருசாப் படுத்திருக்கறாளே, இவளைப் பெத்தவங்க எத்தன பெரிய ஆளுங்களா இருப்பாங்க?" என்றார். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் உடனே கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கி, கொள்ளேகால் தாண்டி ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். காவேரி இரண்டாகப் பிரிந்து ஊரையே சுற்றிக்கொண்டு போகிற இடம். உள்ளே கறுப்புக் கல்லில் அவ்வளவு நீளத்துக்குப் பெருமாள் படுத்திருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் முதலில் பாதம் தெரிந்தது, அப்புறம் மார்பு, அப்புறம்தான் முகம். வண்டியில் விபூதி சிந்தினால் சண்டை பிடிக்கிற நான் அங்கே கையைக் கூப்பிக்கொண்டு நகர மறந்து நின்றுவிட்டேன். பாதத்தருகே இருப்பது காவேரித் தாயார் என்று காளியாத்தாள் அத்தை காதில் சொன்னார். திரும்பிப் பார்த்தால் அக்கா தாயாரையே முறைத்துக்கொண்டு நின்றார். உதடுகள் அசைந்தன. கேட்க வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது. வழி நெடுக என் கண்ணாடியில் அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

அன்று ராத்திரி குஷால்நகரில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினோம். ஊர் எல்லையில் ஒரு பாலம். கீழே பாறைகளுக்கு நடுவில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடியது. இக்கரையில் துணி துவைத்த பெண் அக்கரையில் நின்றவளோடு குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன வாய்க்கா சாமி?" என்று அக்கா கேட்டார்.

"வாய்க்கா இல்லீங்க்கா. இதுதான் அவ."

அக்கா பின்னால் திரும்பி, பாலம் மறைகிறவரை பார்த்தார். எங்கள் ஊரில் அக்கரையில் நிற்பவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அவ்வளவு அகலம். அதற்கப்புறம் அவர் உதடுகள் அசையவில்லை.

மடிக்கேரிக்கு மேலே எங்கே பார்த்தாலும் காப்பித் தோட்டம், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. பனி இறங்கி ரோட்டை மறைத்தது. லாரியில் பாதி இந்தியாவைப் பார்த்தவன் நான். ஆனால் இந்தப் பச்சையைப் பார்த்ததில்லை. சமவெளிக்காரன் கண்ணுக்கு அது தாங்காது. வெயிலில் காய்ந்த எங்கள் சீமைக்கு வருகிற ஒவ்வொரு சொட்டும் இந்தக் காட்டிலிருந்து நடந்து வருகிறதா என்று நினைத்தபோது, இத்தனை நாள் குளித்தும் துப்பியும் வந்த ஆற்றை நினைத்து உள்ளுக்குள் கூச்சமாக இருந்தது.

பாகமண்டலத்தில் வண்டியை நிறுத்தினேன். மூன்று ஆறுகள் கூடுகிற இடம். காவேரியும் கன்னிகையும் கண்ணுக்குத் தெரியும், மூன்றாவது ஆறு பூமிக்கு அடியில் வருவதாகச் சொல்கிறார்கள். ஓட்டுக் கூரையும் மரச் சிற்பமுமாகப் பழைய சிவன் கோயில் ஒன்று மழையில் கறுத்துப்போய் நிற்கிறது. எல்லோரும் முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து முழுகிவிட்டு வந்தார்கள். காளியாத்தாள் அத்தை கால் நிறைய மணலோடு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் இருந்த கேனைத் தூக்கி, இருந்த தண்ணீரை எல்லாம் காலில் ஊற்றிக் கழுவிவிட்டார்.

நான் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. இன்னொரு கேன் நேற்றே காலி.

"அத்தை! அது அக்கா குடிக்கற தண்ணி!"

"அந்த உப்புத் தண்ணியா? வாயில வைக்கற மாதிரியா இருக்குது? காலுக்குத்தான் ஆகும்" என்றவர், விஷயம் புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ ராமாத்தா, தெரியாமப் பண்ணிப்போட்டனே."

அக்கா கோபிக்கவில்லை. காலையில் தின்ற புளிச்சோறு அவருக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கடைக்கு ஓடி ஒரு பாட்டில் வாங்கி வந்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ஊருத் தண்ணி?"

மைசூர் என்று போட்டிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. பாட்டிலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "விடு சாமி. கேட்டுப்போட்டுக் குடிச்சுக்கறேன். இல்லாட்டி குடிக்காமயே வந்துக்கறேன்."

அங்கிருந்து தலைக்காவேரிக்கு மலைமேல் கொஞ்ச தூரம்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படியேறும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது, உதடு வெடித்திருந்தது. கேட்டுவிட்டுத் தாகத்தோடு திரும்பினால் இந்த மனுஷி உப்புத் தண்ணீரிலேயே உயிரை விட்டுவிடுவார் என்று எனக்குப் பட்டது. அப்படித்தான் ஆகப்போகிறது என்று நினைத்தேன். கல்லும் தண்ணீரும் என்ன பதில் சொல்லும்?

மேலே ஏறியதும் பனி விலகியது. சுற்றிலும் மலை, மலைக்குப் பின்னால் மலை, அதற்கப்பால் நீலமாக இன்னும் மலை. காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. நடுவில் சதுரமாக ஒரு குளம், அதில் ஆட்கள் முழுகிக்கொண்டிருந்தார்கள். அக்கா குளத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். முந்தானையை இடுப்பில் செருகினார். எனக்குப் புரிந்தது, பேசத் தயாராகிறார்.

"இதுங்களா சாமி?" என்று அங்கிருந்த பூசாரியிடம் கேட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் வந்து வந்து அவருக்குத் தமிழ் கொஞ்சம் பழகியிருந்தது.

"இது குளம் அம்மா. காவேரி இங்கே" என்று குளத்தை ஒட்டியிருந்த சின்னச் சதுரத் தொட்டியைக் காட்டினார்.

தொட்டி என்பதுகூட அதிகம். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற அளவுக்கு இடம். பூவும் குங்குமமும் சுற்றி இருந்தன. நடுவில் தெளிந்த தண்ணீர். ஓடவில்லை, சத்தம் போடவில்லை. குனிந்து பார்த்தேன். அடியிலிருந்து எதுவோ லேசாக அசைந்து மேல்தண்ணீர் ஒரு தடவை நடுங்கியது.

மேட்டூரை நிரப்புகிறவள், எங்கள் ஊரில் அக்கரை தெரியாமல் பரந்து கிடக்கிறவள், தஞ்சாவூர் வரைக்கும் சோறு போடுகிறவள், என் இரண்டு கைக்குள் அடங்குகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். சாமி உண்டா இல்லையா என்று டீக்கடையில் வாய் கிழியப் பேசியவன் நான். அங்கே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே தொட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பூசாரியிடம், "இதுக்குப் பெரியவங்க யாருங்க? அப்பன் ஆத்தா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

பூசாரிக்குக் கேள்வி வித்தியாசமாகப் படவில்லை. அகஸ்தியர் கமண்டலத்தில் அடைத்து வைத்திருந்தாராம், காக்கை வந்து தட்டிவிட்டதாம், ஜனங்கள் நன்றாக இருக்கட்டும் என்று இவளும் ஓடி வந்துவிட்டாளாம். "மண்ணுக்குள்ளே போயிடுவா அம்மா. கீழே போய்த்தான் வெளியே வருவா. அங்கிருந்து ஒத்தையாகத்தான் போறா."

"ஒத்தையிலயா?" என்றார் அக்கா. "தொணைக்கு யாருமே இல்லீங்களா?"

பூசாரி மலையைக் காட்டினார். வேறு யாரைக் காட்டுவார்?

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கும்பல் வந்து இறங்கியது. பாட்டில்களும் கேன்களும் கையுமாகத் தொட்டியை நோக்கி நெருக்கினார்கள். ஒருவர் முழங்கையால் அக்காவை இடித்தார். இன்னொருவர் பாட்டிலைத் தொட்டிக்குள் அழுத்தப் போனார். பூசாரி கன்னடத்தில் கத்தியும் யாரும் கேட்கவில்லை.

அக்கா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்களுக்கும் தொட்டிக்கும் நடுவில் போய் நின்றார்.

"தள்ளி நில்லுங்க! பச்சக் கொழந்தைங்க அது! இப்படியா வந்து முட்டுவீங்க? மூச்சு முட்டிப் போயிருமல்ல?"

ஒரு சொல்கூட அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் நின்றுவிட்டார்கள். பாட்டிலோடு வந்தவர் பாட்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பூசாரி வரிசையாக நிற்கச் சொன்னார், நின்றார்கள்.

அக்கா திரும்பித் தொட்டியருகே மண்டியிட்டு உட்கார்ந்தார். சொல்லி வைத்திருந்ததை எல்லாம் இப்போது கேட்பார் என்று பக்கத்தில் போய் நின்றேன், கூட நிற்க ஒத்துக்கொண்டவன் ஆயிற்றே. அவர் அழுதுகொண்டிருந்தார். மகனைத் தூக்கிய அன்றுகூட அழாமல் கல்லாக இருந்த மனுஷி, மூக்கும் கண்ணும் ஒழுக அழுதார்.

"இதுகிட்ட என்னத்தைக் கேக்கறது சாமி?" என்று என்னிடம் சொன்னார். "இதுக்கு என்ன தெரியும்? இது எங்க போறோம்னு தெரியாமத்தான போவுது."

என் நீளமான வாய் அன்று உதவவில்லை.

அக்கா குனிந்து, முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொட்டிலில் கிடக்கிற குழந்தையிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "பாத்துப் போ கண்ணு. பள்ளம் இருக்கும், பாறை இருக்கும். எவனெவனோ தோண்டி வச்சிருப்பான். பயந்துக்காத. கீழ மோகனூருல நான் இருக்கறேன். நான் வந்து கரையில நிக்கறேன்."

பூசாரி கேட்காததுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பிறகு சின்னச் செம்பில் தண்ணீர் மொண்டு, "கை நீட்டுங்க அம்மா" என்றார்.

அக்கா கையைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். வலது கையைக் குவித்து நீட்டினார். ஊற்றினார் பூசாரி. சாதாரணமாக ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்வார்கள். அக்கா ஒரு சொட்டுச் சிந்தாமல் அத்தனையும் குடித்தார். குடித்துவிட்டு, கையை இறக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க சாமி" என்றார். "ரொம்பத் தாகமா இருக்குது."